நெஞ்சு வலியிலும் லாப வேட்டையா?

"மாத்திரையைப் பற்றிப் பேச நீங்கள் யார்? டாக்டரா, கம்பவுண்டரா? கூலி உயர்வைக் கேளுங்கள், போனஸ் கேளுங்கள், ரேஷன் அரிசி கேளுங்கள். மருந்து படித்தவர்கள் விஷயம். அதில் மூக்கை நுழைக்காதீர்கள்!"

மரக்காணம் உப்பளங்களிலும் ஆரோவிலைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் நெஞ்சு வலி மாத்திரைகளைப் பற்றி நாம் கூட்டம் போட்டுப் பேசத் தொடங்கியதும் சில கனவான்கள் இப்படிக் கேட்கிறார்கள்.

கேட்கட்டும். பதில் சொல்கிறோம். அந்த மாத்திரையை விழுங்குகிறவன் தொழிலாளி. அதற்கு விலை கொடுக்கிறவன் தொழிலாளி. அது ஒத்துக்கொள்ளாமல் வீங்கிய காலோடு உப்புப் பாத்தியில் நிற்கிறவனும் அவனே. எந்த நோயாளிக்கு எந்த மருந்து என்று முடிவு செய்வது டாக்டரின் வேலை. அதை நாம் பறிக்கப் போவதில்லை. ஆனால் மாத்திரையின் உண்மைப் பெயர் என்ன, ஒரே சரக்கு ஏன் பத்துப் பெயரில் பத்து விலைக்கு வருகிறது, "இதுதான் உயர்ந்தது" என்று சொன்னவன் யாரிடம் பணம் வாங்கினான் என்று கேட்பது நமது உரிமை. அதற்கு மெட்ரிகுலேஷன் படிப்பே அதிகம்.

முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம். இருதயம் ஒரு பம்பு. அந்தப் பம்புக்கும் ரத்தம் வேண்டும். அதற்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்கள் கொழுப்புப் படிந்து குறுகிவிட்டால், சும்மா இருக்கும்போது கிடைக்கும் ரத்தம் போதும். பாரம் தூக்கும்போது, மேடு ஏறும்போது, வெய்யிலில் உப்பு வாரும்போது போதாது. அப்போது நெஞ்சின் நடுவில் பாறாங்கல்லை வைத்ததுபோல் அழுத்துகிறது. இடது கைக்கும் தாடைக்கும் வலி ஓடுகிறது. வேலையை நிறுத்தி உட்கார்ந்தால் சில நிமிஷங்களில் அடங்குகிறது. இதைத்தான் டாக்டர்கள் ஆஞ்சைனா என்கிறார்கள். நம் ஜனங்கள் "வாயு" என்று சொல்லி சோடா குடிக்கிறார்கள்.

பஞ்சாலைத் தோழர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. வாராந்திர லீவு முடிந்து திங்கட்கிழமை ஆலைக்குள் நுழைந்ததும் மார்பை இறுக்கிப் பிடித்து மூச்சு திணறுகிறதே, அது பெரும்பாலும் பஞ்சுத் தூசி நுரையீரலில் செய்யும் வேலை. இருதய வலி கிழமை பார்த்து வருவதில்லை. உடல் உழைப்பைப் பார்த்து வருகிறது. இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். புதுச்சேரி ஏ.எஃப்.டி. ஆலை 2020 ஏப்ரலில் மூடப்பட்டது. ஆனால் அங்கே முப்பது வருஷம் விழுங்கிய தூசி மார்பை விட்டுப் போய்விடவில்லை. இந்த வேறுபாடு மாத்திரை விஷயத்தில் உயிர்ப் பிரச்னையாகிறது. எப்படி என்று பின்னால் சொல்கிறோம்.

உட்கார்ந்தும் வலி அடங்காமல் கால் மணி நேரம் நீடித்தால், வேர்த்துக் கொட்டினால், அது மாரடைப்பாக இருக்கலாம். அப்போது எந்த விவாதமும் வேண்டாம். 108க்குச் சொல்லுங்கள்.

இந்த ஆஞ்சைனாவுக்குக் கொடுக்கும் மருந்துகளில் ஒரு வகை, கால்சியம் தடுப்பு மாத்திரைகள். கால்சியம் என்றதும் பயந்து பாலையும் கேழ்வரகையும் நிறுத்திவிட்ட தாய்மார்களை நாம் பார்த்தோம். அது தேவையில்லை. உப்பளத்தில் கடல் நீரைப் பாத்தி பாத்தியாக ஓட்டும்போது, உப்பு விளைவதற்கு முன்பே அடியில் ஜிப்சம் படிகிறதல்லவா? அதில் உள்ளதும் கால்சியமே, எலும்பில் உள்ளதும் அதுவே. இருதயத் தசையின் ஒவ்வொரு அணுவுக்கும், ரத்தக் குழாய்ச் சுவரின் ஒவ்வொரு அணுவுக்கும் நுண்ணிய மடைகள் இருக்கின்றன. மடை திறந்து கால்சியம் உள்ளே பாய்ந்தால் தசை சுருங்கும். மாத்திரை அந்த மடையை ஓரளவு அடைக்கிறது. தசை தளர்கிறது. குழாய் விரிகிறது. இருதயத்தின் பாரம் குறைகிறது. சாப்பிடும் கால்சியத்துக்கும் இதற்கும் தகராறு இல்லை.

ஜெர்மனியில் ஃபிளெக்கன்ஸ்டைன் என்ற விஞ்ஞானி 1960களில் இந்த மடை ரகசியத்தைக் கண்டறிந்து சொன்னார். அதன் பிறகு வந்தவற்றில் நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை நாலே நாலு: வெராபமில், டில்டியாசெம், நிஃபெடிபின், அம்லோடிபின். கடையில் தொங்கும் வண்ண வண்ண அட்டைகளைக் கண்டு மலைக்க வேண்டாம். பெரும்பாலும் இந்த நாலும் இவற்றின் ஒன்றுவிட்ட தம்பிகளும்தான்.

நாலும் ஒன்றா? இல்லை. இங்கேதான் உண்மையான வித்தியாசம் இருக்கிறது. கம்பெனி ஏஜெண்டு இதை உங்களுக்குச் சொல்ல மாட்டான்.

வெராபமிலும் டில்டியாசெமும் இருதயத்தின் மடைகளையே பிடிக்கின்றன. நாடித் துடிப்பைக் குறைக்கின்றன. பம்பு மெதுவாக வேலை செய்தால் அதற்கு வேண்டிய ரத்தமும் குறைவு, வலி குறைகிறது. ஆனால் ஏற்கெனவே நாடி மந்தமாக ஓடுகிறவருக்கு, இருதயத் தசை பலவீனப்பட்டவருக்கு, இவை ஆபத்து. மாரடைப்புக்குப் பின் டில்டியாசெம் கொடுத்துப் பார்த்த ஒரு பெரிய பரிசோதனையின் முடிவு 1988இல் வெளியாயிற்று. நுரையீரலில் நீர் கோத்திருந்த நோயாளிகளுக்கு நன்மைக்குப் பதில் கெடுதலே நேர்ந்தது. அட்டெனோலால், மெட்டோபுரோலால் போன்ற, அவையும் நாடியைக் குறைக்கும் மாத்திரைகளோடு வெராபமிலைச் சேர்த்தால் இருதயம் நின்றுபோகும் அளவுக்கு நாடி விழக்கூடும். டில்டியாசெமிலும் அந்த எச்சரிக்கை உண்டு. வெராபமில் மலச்சிக்கலையும் உண்டாக்கும். வெய்யிலில் தண்ணீர் வற்றிப்போகும் உப்பளத் தொழிலாளிக்கு அது சின்னத் தொல்லை அல்ல.

நிஃபெடிபினும் அம்லோடிபினும் ரத்தக் குழாயின் மடைகளைப் பிடிக்கின்றன. குழாய் விரிகிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது. இருதயத்தை இவை நேராக மந்தப்படுத்துவதில்லை. ஆகவே அட்டெனோலாலோடு சேர்த்தும் கொடுக்க முடிகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வேகம். பழைய நிஃபெடிபின் காப்சூல் விழுங்கிய சில நிமிஷங்களில் அழுத்தத்தைத் தடாலென்று இறக்கும். உடல் பதறிப்போய் நாடியை ஓட ஓட விரட்டும். இருதயத்துக்கு வலி அதிகமாகும். காப்சூலைக் கடித்து நாக்கடியில் வைக்கிற பழக்கம் ஒரு காலத்தில் ஆஸ்பத்திரிகளிலேயே இருந்தது. 1996இல் அமெரிக்க மருத்துவப் பத்திரிகையில் டாக்டர்களே அதை நிறுத்துங்கள் என்று எழுதினார்கள். இன்றும் யாராவது உங்கள் நாக்கடியில் அதை வைக்க வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மெல்ல மெல்லக் கரையும் நிஃபெடிபின் வேறு. 7,665 ஆஞ்சைனா நோயாளிகளிடம் அதைப் பரிசோதித்த முடிவு 2004இல் வந்தது. சாவை அது கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அம்லோடிபின் இந்த நாலில் நிதானமான ஆள். நாளுக்கு ஒரு வேளை. ஏறுவதும் மெதுவாக, இறங்குவதும் மெதுவாக. பலவீனமான இருதயத்திலும் சாவைக் கூட்டுவதில்லை என்று 1996இல் ஒரு பரிசோதனை காட்டியது. அதன் குறை ஒன்று: கணுக்கால் வீக்கம். இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். வந்துவிட்ட வலியை இது நிறுத்தாது. அதற்கு நாக்கடியில் வைக்கும் ஐசோசார்பைட் டைநைட்ரேட் மாத்திரை தனியாக இருக்கிறது. அதை உட்கார்ந்துகொண்டு வைக்க வேண்டும். நின்றபடி வைத்தால் தலை சுற்றி விழுவீர்கள்.

இனி, முன்னே சொன்ன பஞ்சாலைத் தோழரின் விஷயம். ஆஞ்சைனாவுக்கு டாக்டர்கள் முதலில் நினைப்பது பெரும்பாலும் அட்டெனோலால் வகை. ஆனால் மூச்சு இரைப்பு உள்ளவருக்கு அது மூச்சுக் குழாயை இறுக்கிவிடும். பஞ்சுத் தூசியில் மார்பு கெட்டவருக்குக் கால்சியம் தடுப்பு மாத்திரை கைகொடுக்கிறது. நாடி வேகமாக ஓடுகிற ஆளாக இருந்தால் டில்டியாசெமோ வெராபமிலோ, இருதயம் பலவீனமானால் அம்லோடிபின் என்று டாக்டர் தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது. விடியற்காலையில், படுத்திருக்கும்போதே குழாய் இழுத்துக்கொண்டு வரும் ஒரு வகை வலி உண்டு. பீடி குடிப்பவர்களிடம் அதைப் பார்க்கலாம். அதற்கும் இந்த மாத்திரைகளே நல்ல மருந்து. அட்டெனோலால் அங்கே நிலைமையை மோசமாக்கலாம்.

சரி, கடையில் நடப்பது என்ன? அம்லோடிபினையும் அட்டெனோலாலையும் ஒரே மாத்திரையில் திணித்து ஒரு பளபளப்பான பெயர் சூட்டி விற்கிறார்கள். இரட்டை மாத்திரையின் பெயரைப் பார்த்தால் உள்ளே அட்டெனோலால் ஒளிந்திருப்பது யாருக்குத் தெரியும்? முழுப் பெயரும் எழுதி இருக்கிறதே என்பார்கள். எறும்பு எழுத்தில், இங்கிலீஷில்! இரைப்புள்ள பஞ்சாலைத் தொழிலாளி அதை வாங்கி விழுங்கி, ராத்திரி முழுவதும் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார்.

மரக்காணம் உப்பளத்தில் நாம் அறிந்த ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். அறுபதை நெருங்கும் ஒரு தோழர். மாசி முதல் மழை பிடிக்கும் வரை பாத்தியில் உப்பு வாருகிறவர். நெஞ்சு வலிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஒரு தனியார் டாக்டரிடம் போனார். ஒரு கம்பெனிப் பெயரில் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். காசு தீர்ந்தபோது சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போய் இலவச மாத்திரை வாங்கினார். அடுத்த மாதம் கையில் கொஞ்சம் பணம் வந்ததும் பழைய மாத்திரையையும் வாங்கினார். நிறம் வேறு, அட்டை வேறு, பெயர் வேறு. "தம்பி, இதுவும் அதுவும் ஒண்ணா?" என்று கடைப் பையனைக் கேட்டாராம். "அது வேற கம்பெனி, பெரியவரே" என்றான் பையன். பொய் சொல்லவில்லை, உண்மையையும் சொல்லவில்லை. தோழர் இரண்டையும் விழுங்கினார். இரண்டும் அம்லோடிபின்.

கால் வீங்கிற்று. நாள் முழுவதும் உப்புத் தண்ணீரில் நிற்கிற கால். உப்புதான் வீக்கத்துக்குக் காரணம் என்று அவர் நினைத்தார். சக தொழிலாளிகளும் அப்படியே நினைத்தார்கள். அதே டாக்டரிடம் வீக்கத்தைக் காட்டினார். நீர் பிரிய ஒரு மாத்திரை சேர்ந்தது. அம்லோடிபின் வீக்கம் உடலில் நீர் அதிகமாகி வருவதல்ல. நுண்குழாய்கள் விரிந்து நீர் கசிவதால் வருவது. நீர் மாத்திரை அதைச் சரியாகத் தொடுவதே இல்லை. ஆனால் சித்திரை வெய்யிலில், நிழல் என்று ஒரு மரம் கூட இல்லாத பாத்தியில், உடம்பில் இருந்த கொஞ்சம் தண்ணீரையும் அது இறக்கிவிட்டது. ஒருநாள் பகல் பதினோரு மணிக்கு மயங்கிப் பாத்திக்குள் விழுந்தார். கூட இருந்த பெண்கள் தூக்கினார்கள். உயிர் பிழைத்தார்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த ஓர் இளம் டாக்டர் எல்லா அட்டைகளையும் வரிசையாக மேஜைமீது வைத்துப் பார்த்து விஷயத்தைக் கண்டுபிடித்தார். ஒரு அம்லோடிபினை நிறுத்தினார். நீர் மாத்திரையை நிறுத்தினார். இரண்டு வாரத்தில் கால் வடிந்தது. மூன்று அட்டை ஒரு அட்டையாயிற்று!

இதை அந்தத் தனியார் டாக்டர் ஒருவரின் குற்றம் என்று நாம் சொல்லவில்லை. மாத்திரைக்கு மாத்திரை தரும் இந்தச் சங்கிலி உலகமெங்கும் நடக்கிறது. கனடாவில் 2020இல் இதைப் பற்றிப் பெரிய ஆய்வே செய்து வெளியிட்டார்கள். ஆனால் ஒரே சரக்கை ஒரே பெயரில் விற்றிருந்தால் நமது தோழர் பாத்தியில் விழுந்திருப்பாரா? கடைப் பையனே சொல்லியிருப்பான்: "பெரியவரே, இது அதேதான்."

யாருக்காக இத்தனை பெயர்கள்?

சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டுவோம். 1995இல் கர்ட் ஃபர்பர்க் என்ற ஆராய்ச்சியாளரும் அவரது சகாக்களும் 16 பரிசோதனைகளைத் திரட்டிப் பார்த்து, வேகமாக வேலை செய்யும் நிஃபெடிபினை அதிக அளவில் கொடுத்த இருதய நோயாளிகளிடம் சாவு கூடுகிறது என்று எழுதினார்கள். கம்பெனிகளின் வயிற்றில் புளி கரைத்தது. ஆதரித்தும் எதிர்த்தும் கட்டுரைகள் பறந்தன. டொரண்டோ சர்வகலாசாலையைச் சேர்ந்த சிலர் ஒரு காரியம் செய்தார்கள். இந்தச் சண்டையில் வெளிவந்த 70 கட்டுரைகளை எடுத்து, அவற்றை எழுதியவர்களுக்கு இந்த மருந்துகளைச் செய்யும் கம்பெனிகளோடு பண உறவு உண்டா என்று விசாரித்தார்கள். முடிவு 1998 ஜனவரியில் அச்சாயிற்று. மாத்திரைகளை ஆதரித்தவர்களில் 96 சதவிகிதம் பேருக்குப் பண உறவு இருந்தது. நடுநிலையாக எழுதியவர்களில் 60 சதவிகிதம். எதிர்த்தவர்களில் 37 சதவிகிதம். 70 கட்டுரைகளில் இரண்டே இரண்டில்தான் அந்த உறவு ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது!

இதைச் சொன்னதும், "கம்யூனிஸ்டுகள் எல்லாவற்றிலும் பணத்தையே பார்க்கிறார்கள்" என்பார்கள். இந்தக் கணக்கைப் போட்டது நாம் அல்ல. கனடா நாட்டு டாக்டர்கள் போட்டார்கள், அமெரிக்காவின் பெரிய மருத்துவப் பத்திரிகை வெளியிட்டது.

இனி உப்புக் கதை. உப்பளத் தோழர்கள் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். மருந்துக் கடையில் "சால்ட் என்ன?" என்று கேட்பார்கள். மருந்தின் மூலப் பொருளை ஏதேனும் ஓர் அமிலத்தோடு சேர்த்து உப்பாக்கித்தான் பல மாத்திரைகளைச் செய்கிறார்கள். அமெரிக்காவின் ஃபைசர் கம்பெனி அம்லோடிபினை முதலில் மேலியேட் என்ற உப்பாகச் செய்தது. அது மாத்திரை அடிக்கும் மெஷினில் ஒட்டிக்கொண்டது. வேறு சில உப்புகளைச் சோதித்து பெசிலேட் என்ற உப்பைப் பிடித்தார்கள், ஒட்டவில்லை. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த உப்பின்மீது தனியாக ஒரு பேடண்ட் வாங்கினார்கள். மூலப் பொருளின்மீது இருந்த பேடண்ட் காலம் 2006இல் தீர்ந்தது. உப்பின்மீது இருந்த பேடண்டைக் காட்டி 2007லும் அமெரிக்க ஜனங்களைக் கறக்கப் பார்த்தார்கள். ஏன் கறக்க மாட்டார்கள்? 2006 ஒரே வருஷத்தில் இந்த மாத்திரை ஏறத்தாழ 480 கோடி டாலருக்கு விற்றது. கடைசியில் 2007 மார்ச்சில் அமெரிக்க அப்பீல் கோர்ட்டே சொல்லிவிட்டது: தொழில் தெரிந்த எவனும் செய்திருக்கக்கூடிய காரியம் இது, பேடண்ட் செல்லாது.

கடலும் வெய்யிலும் நமது தோளும் சேர்ந்து விளைவிக்கிற உப்புக்கு மூட்டைக்கு என்ன கூலி? மெஷினில் ஒட்டாத உப்புக்கு எத்தனை கோடி?

நம் நாட்டில் அந்தக் கொள்ளை ஏன் அதே அளவில் நடக்கவில்லை? 1970ஆம் வருஷத்துப் பேடண்ட் சட்டம் மருந்துப் பொருளுக்குப் பேடண்ட் கிடையாது, செய்முறைக்கு மட்டுமே உண்டு என்றது. ஆகவே இந்தியக் கம்பெனிகள் வேறு வழியில் அம்லோடிபினைச் செய்து 1990களிலேயே மலிவாக விற்க முடிந்தது. உலக வர்த்தக ஸ்தாபனத்துக்குத் தலைவணங்கி 2005இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். அப்போது பார்லிமெண்டில் இடதுசாரிகள் போராடி வாங்கிய பாதுகாப்புகளில் ஒன்று 3(டி) பிரிவு. பழைய மருந்தின் புது உப்பு, புதுப் படிகம் என்று காட்டிப் பேடண்ட் வாங்க முடியாது. குணம் கணிசமாக உயர்ந்திருந்தால் மட்டுமே முடியும். நோவார்ட்டிஸ் கம்பெனி புற்றுநோய் மருந்தின் ஒரு படிகத்துக்குப் பேடண்ட் கேட்டது. சென்னைப் பேடண்ட் ஆபீஸ் 2006இல் மறுத்தது. சட்டமே செல்லாது என்று போட்ட வழக்கைச் சென்னை ஹைகோர்ட் 2007இல் தள்ளியது. 2013 ஏப்ரல் 1ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டும் மறுத்தது. அதுவும் ஓர் உப்புதான், தோழர்களே.

பேடண்ட் கதவு மூடியதும் கம்பெனிகள் பிராண்ட் ஜன்னல் வழியாக நுழைகின்றன. அன்னிய முதலாளி, சுதேசி முதலாளி என்று இதில் பேதம் இல்லை. அம்லோடிபினில் வலது கை, இடது கை போல இரண்டு உருவங்கள் கலந்திருக்கின்றன. வேலை செய்வது பெரும்பாலும் ஒன்று. அதை மட்டும் பிரித்தெடுத்து "எஸ்-அம்லோடிபின்" என்று விற்கிறார்கள். கால் வீக்கம் குறையும் என்கிறார்கள். சில சிறிய ஆய்வுகள் அப்படிச் சொல்வதும் உண்மையே. வீக்கம் தாளாதவருக்கு டாக்டர் அதை எழுதினால் நமக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் மாரடைப்பையும் சாவையும் சாதாரண அம்லோடிபினைவிட அது குறைக்கிறது என்று காட்டிய பெரிய பரிசோதனை எங்கே? ஜப்பானில் பிறந்த சில்னிடிபினும் இதே கதை. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சாதாரண அம்லோடிபின் இருக்கிறது. அதற்கு விலை உச்சவரம்பு உண்டு. பட்டியலுக்கு வெளியே உள்ள மருந்துக்கு உச்சவரம்பு கிடையாது. வருஷத்துக்கு 10 சதவிகிதம் வரை ஏற்றிக்கொள்ளச் சட்டமே அனுமதிக்கிறது. "புதுசு" என்ற வார்த்தையின் ரகசியம் விளங்குகிறதா?

பட்டியலும் பெரிய அரண் என்று நினைத்துவிடாதீர்கள். 1979இல் 347 மருந்துகள் விலைக் கட்டுப்பாட்டில் இருந்தன. 1987இல் 142. 1995இல் 74! அடக்க விலையைப் பார்த்து விலை வைத்தது அந்தக் காலம். 2013இல் கொண்டுவந்த உத்தரவில் அடக்க விலையைக் கைகழுவிவிட்டார்கள். சந்தையில் விற்கும் கம்பெனிகளின் விலைகளைக் கூட்டி வகுத்து, கடைக்காரர் பங்கு 16 சதவிகிதம் சேர்த்தால் அதுவே உச்சவரம்பு. திருடர்களைக் கூப்பிட்டு சராசரியாக எவ்வளவு திருடுகிறீர்கள் என்று கேட்டு, அதற்கு மேல் திருடாதே என்பதுபோல! அந்த வரம்பும் மொத்த விலைக் குறியீட்டோடு கட்டப்பட்டிருப்பதால் 2022 ஏப்ரலில் 10.7 சதவிகிதமும் 2023 ஏப்ரலில் 12.1 சதவிகிதமும் ஏற்ற அனுமதி கிடைத்தது. உப்பளக் கூலியை எந்தக் குறியீட்டோடு கட்டியிருக்கிறார்கள்?

பிராண்ட் பெயர்களைப் படிப்படியாக ஒழிக்க வேண்டும் என்று ஹாத்தி கமிட்டி சொன்னது 1975இல். சர்க்கார் அதை அலமாரியில் வைத்தது. 2023 ஆகஸ்ட் 2ஆம் தேதி தேசிய மருத்துவ கமிஷன் ஒரு விதி போட்டது: டாக்டர்கள் மருந்தின் மூலப் பெயரை எழுத வேண்டும். அதே மாதம் 23ஆம் தேதி அந்த விதியை நிறுத்தி வைத்துவிட்டார்கள். மூன்று வாரம்! நம் ஊரில் ஒரு ரேஷன் கார்டில் பெயர் திருத்த ஆகும் காலம் கூட அதற்கு ஆயுள் இல்லை. 2024 மார்ச்சில் தேர்தல் பத்திரக் கணக்கு கோர்ட் உத்தரவால் வெளியானபோது மருந்துக் கம்பெனிகள் பலவற்றின் பெயர் அதில் இருந்தது. நாம் அந்தப் பத்திரத்தில் காலணா வாங்கியதில்லை.

விதியை எதிர்த்த டாக்டர்கள் சங்கம் ஒரு வாதம் சொன்னது: "மூலப் பெயரில் எழுதினால் தரம் கெட்ட சரக்கைக் கடைக்காரன் தலையில் கட்டுவான்." இந்த வாதத்தை நாம் அலட்சியமாகத் தள்ளவில்லை. போலி மருந்தும் சோடை மருந்தும் நாட்டில் உண்டு. ஆனால் அதற்கு வழி என்ன? பரிசோதனைச் சாலைகளும் இன்ஸ்பெக்டர்களும்! பெயர் பெரிதாக இருந்தால் தரம் வந்துவிடுமா? தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கியது. மூலப் பெயரில் டெண்டர் விட்டு, மொத்தமாக வாங்கி, பரிசோதனைச் சாலைக்கு அனுப்பித் தேறிய சரக்கையே ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவது அதன் முறை. சில்லறைக் கடை விலையில் ஒரு சிறு பங்குக்கு வாங்க முடிந்திருக்கிறது. ராஜஸ்தான் வந்து பார்த்துவிட்டுப் போய் 2011இல் இதே வழியில் இலவச மருந்துத் திட்டம் தொடங்கியது. நமது தோழர் பாத்தியில் விழுவதற்கு முன்பு வாங்கிய இலவச அம்லோடிபினும் கடையில் வாங்கிய அம்லோடிபினும் அவர் காலை வீங்க வைப்பதில் போட்டி போட்டனவே, சர்க்கார் மாத்திரைக்கு வீரியம் இல்லை என்று யார் சொன்னது?

தனியாரை நம்பாமல் நாமே செய்தால் என்ன என்றுதான் 1961இல் சோவியத் உதவியோடு ஐ.டி.பி.எல். என்ற பொதுத்துறை மருந்துக் கம்பெனியை நிறுவினார்கள். ரிஷிகேசத்திலும் ஹைதராபாத்திலும் மருந்து. நமது சென்னையில் அறுவைக் கருவிகள். அந்தப் போட்டியால் விலைகள் இறங்கின. பிறகு பட்டினி போட்டுப் படுக்க வைத்தார்கள். 2016 டிசம்பரில் மத்திய மந்திரிசபை அதன் நிலத்தை விற்றுக் கதவை மூட முடிவு செய்தது.

ராஜ்ய சர்க்கார் 2021 ஆகஸ்டில் ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவரும் திட்டத்தைத் தொடங்கியது. 2023 ஜூனில் மாரடைப்பு வந்தவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. இவற்றை நாம் வரவேற்றோம். குறை சொல்வதற்காகக் குறை சொல்கிறவர்கள் அல்ல நாம். ஆனால் மாரடைப்புக்கு முன்பே ஆஞ்சைனா மணி அடிக்கிறதே, அதை யார் கேட்பது? அம்லோடிபின் கிடைக்கிறது என்பதற்காக எல்லோருக்கும் அம்லோடிபின் என்றால் அதுவும் சிகிச்சை அல்ல. இரைப்புள்ள பஞ்சாலைத் தொழிலாளிக்கு டில்டியாசெம் வேண்டுமானால் அவர் ஒருநாள் கூலியை இழந்து ஜிப்மர் வாசலில் விடியற்காலையில் வரிசை நிற்க வேண்டுமா?

ஆகவே மரக்காணத்திலிருந்து கோட்டக்குப்பம் வரை நாம் கேட்பது இவை. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இ.சி.ஜி. மெஷினும் அதை எடுக்க ஆளும் எல்லா வேலை நாட்களிலும் இருக்க வேண்டும். அம்லோடிபினோடு டில்டியாசெமும் நாக்கடி மாத்திரையும் தீராமல் இருக்க வேண்டும். சர்க்கார் ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆனாலும் சீட்டில் மூலப் பெயர் எழுத வேண்டும். அட்டையில் மூலப் பெயரைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சடிக்க வேண்டும். உப்பள முதலாளிகள் பாத்தியோரம் நிழல் கொட்டகையும் குடிதண்ணீரும் தர வேண்டும். நெஞ்சு வலி மாத்திரை சாப்பிடுகிறவர் உச்சி வெய்யிலில் உட்கார்ந்தால் கூலியைப் பிடிக்கக் கூடாது. எட்டு மணி நேர வேலைக்காக 1936 ஜூலை 30இல் புதுச்சேரி ஆலைத் தொழிலாளிகள் 12 பேர் பிரெஞ்சுத் துப்பாக்கிக்கு நெஞ்சைக் கொடுத்த மண் இது. அரை மணி நேர நிழலைக் கேட்கக் கூசுவானேன்?

அடுத்த கிராம சபையில் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக வைக்கிறோம். அதற்கு முன்பு ஒரு வேலை இருக்கிறது. டாக்டரைக் கேட்காமல் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்; திடீரென்று நிறுத்தினால் வலி திரும்பி வரும். ஆனால் வீட்டில் இருக்கும் அட்டைகள் எல்லாவற்றையும், தீர்ந்துபோன காலி அட்டை உட்பட, ஒரு பையில் போட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு போய் மேஜைமீது கொட்டுங்கள். "இதில் எது எது ஒன்று?" என்று கேளுங்கள். சொன்ன பதிலை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு சங்க ஆபீசுக்கு வாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களோடு நமது வாலிபர்கள் கூட வருவார்கள்.